பழைய வீட்டுக்குப் புது டிபி பெட்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஃபியூஸ் கட்டை பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியதற்கு, கோபியிலிருந்து கரூர் வரை கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தனியாகப் பதில் எழுத இடம் இல்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டிபி பெட்டி என்பது மீட்டரிலிருந்து வரும் கரண்டை வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துக்கொடுக்கிற பெட்டி.

கேள்வி: எங்கள் அப்பாரு கட்டிய தொட்டிக்கட்டு வீடு. ஆசாரத்துச் சுவரில் தேக்குப் பலகை, அதில் இரும்பு மெயின் சுவிட்ச், வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ். போன வருசம் கீசரும் ஏசியும் வைத்தோம். அப்போதிருந்து போர் மோட்டார் ஓடும்போது கீசர் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஒயர்மேன் வந்து ஃபியூஸ் கம்பியை ரெட்டையாக முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார், இப்போது போவதில்லை. மருமகன் "டிபி பெட்டி மாத்திருங்க அத்தை, ஒரே நாள் வேலை" என்கிறார். அதோடு முடிந்துவிடுமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: முடியாது. முதலில் அந்த ரெட்டைக் கம்பியை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் போகவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள், ஆனால் ஃபியூஸ் கம்பியில் உருக வேண்டிய சூடு இப்போது ஒயரில் ஏறிக்கொண்டிருக்கிறது. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் மொத்தத்தையும் ஒரு வயல் வாய்க்காலில் திருப்பினால் கரை என்ன ஆகும்? உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கணக்கு சின்னதுதான். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே இழுக்கும். ஒன்றரை டன் ஏசி 7 பக்கம் வரும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் அதைப்போல் பல மடங்கு. மூன்றையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டுகிறது. பைக்காராவில் 1932-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு நம் பக்கம் மில்லும் பம்புசெட்டும் பெருகியது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் வீட்டுக்குள் வந்த கரண்ட் நாலு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும்தான் வந்தது, ஒயரும் அந்த அளவுக்குத்தான் இழுத்தார்கள்.

இனி வேலையின் வரிசை. எல்லாரும் பெட்டியிலிருந்து தொடங்குகிறார்கள், நீங்கள் மண்ணிலிருந்து தொடங்குங்கள். எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்பு, இருக்கிறதா? "இருக்குதுங்க, பச்சை ஒயர் போகுது" என்பார்கள். அந்தப் பச்சை ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் அதைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது வழக்கம், அன்றைக்கு இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனதால் ஓரளவுக்கு வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்து பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருப்பீர்கள். அன்றோடு உங்கள் வீட்டு எர்த்தும் போயிற்று, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இதைவிட மோசம், எர்த்தையும் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) பிளக்குக்குள்ளேயே சேர்த்து முடிச்சுப் போடுவது. அப்படிச் செய்த வீட்டில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கிரைண்டர் டிரம் வரை எல்லா உலோகமும் ஷாக் அடிக்கும்.

புதிதாக எர்த் போடுவதென்றால் பொடக்காலியில், ஈரம் தங்குகிற இடமாகப் பார்த்துக் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு நிரப்புவது பழைய முறை, இன்றைக்கும் சரியான முறைதான். நம் பக்கத்துக் கஷ்டம், நாலடி தோண்டினால் சுக்கான்கல், அதற்குக் கீழே பாறை. காய்ந்த மண்ணில் எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் எகிறிவிடும். உதாரணத்துக்கு 20 ஓம் என்று வையுங்கள். கீசர் உள்ளே ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) பாடியைத் தொட்டுவிட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்த அளவு, அதாவது 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக வந்த, கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, கீசர் பாடி கரண்டோடு அப்படியே நிற்கும். அதனால்தான் டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் வேண்டும் என்கிறேன். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஒயர். உங்கள் வீட்டில் தேக்கு ரீப்பரில் தகரக் கிளிப் அடித்து ஓடுகிற ஒயராக இருந்தால், கரண்டை நிறுத்திவிட்டு ஒயர்மேனிடம் ஒரு முனையை மெதுவாக வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஒயர் வளைக்கும்போதே கறுப்பு நொறுக்காக உதிரும், உள்ளே கம்பி தெரியும். அப்படி உதிர்ந்தால் பேச்சே இல்லை, முழுவதும் மாற்ற வேண்டும். "ஒரே நாள் வேலை" சிக்கலாவதும் இங்கேதான்: பல வருசமாக அசையாமல் கிடந்த ஒயரைப் புதுப் பெட்டிக்குள் இழுத்துத் திருகும்போதுதான் அது உடைகிறது. பலகையைக் கழற்றிப் பின்பக்கமும் பாருங்கள். ஒட்டடையும் குளவிக்கூடும் இருக்கும், அது பரவாயில்லை. ஃபியூஸுக்கு நேர் பின்னால் மரம் பழுப்பாகவோ கருகியோ இருந்தால் அந்த லைன் ரொம்ப நாளாகச் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒயர் அளவைப் பழைய ஆட்கள் 3/22, 7/20 என்று கேஜில் சொல்வார்கள், கடையில் இப்போது சதுர மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். லைட், ஃபேனுக்கு 1.5. பவர் பிளக்குக்கு 2.5. கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனியாக 4. மீட்டரிலிருந்து டிபி வரை குறைந்தது 10 போட்டுவிடுங்கள், பின்னால் இன்னொரு ஏசி வராமலா போகும்? 1.5-க்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி., 2.5-க்கு 16, 4-க்கு 20. எம்.சி.பி. காப்பாற்றுவது கீசரை இல்லை, ஒயரை. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32 போடுகிறவர், உங்கள் ஒயர்மேன் கம்பியை ரெட்டையாக முறுக்கிய அதே வேலையைத்தான் நாகரிகமாகச் செய்கிறார்.

இதெல்லாம் ஆன பிறகுதான் பெட்டி. இப்போது எத்தனை எம்.சி.பி. தேவையோ அதைவிட நாலு இடம் கூடுதலாக உள்ள பெட்டியாக வாங்குங்கள். எம்.சி.பி. முகத்தில் C16 என்று இருந்தால் 16 ஆம்பியர், சி வகை. மோட்டாருக்கும் ஏசிக்கும் சி, லைட்டுக்கும் கீசருக்கும் பி போதும். சி வகை ஸ்டார்ட்டிங் கரண்டைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், உங்கள் வீட்டு மோட்டாருக்கு அது தேவை. கீழே சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கும், ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியரை வெடிக்காமல் அது துண்டிக்கும் என்பது அந்த எண். அதுவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்களுடைய மாதிரிப் பழைய இரும்பு மெயின் சுவிட்சில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்குமே ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீடு இருட்டாகிவிடும், எல்லாரும் கரண்ட் இல்லை என்று நினைப்பார்கள், ஆனால் ஃபேஸ் கரண்ட் பல்பு ஹோல்டர் வரைக்கும் உயிரோடு நிற்கும். அந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி பல்பைக் கழற்றியவர்கள் ஷாக் வாங்கியிருக்கிறார்கள். பழைய கட்டையைத் தூக்கிப் போட எனக்கு இந்த ஒரு காரணமே போதும். புதுப் பெட்டியில் மெயினாக டபுள் போல் ஐசொலேட்டர் போட்டால் இரண்டும் ஒன்றாகத் துண்டிக்கப்படும்.

கேள்வி: புதிதாக ஆர்.சி.சி.பி. போட்டோம். ஒரு நாளைக்கு நாலு முறை விழுகிறது, மழை வந்தால் கேட்கவே வேண்டாம். போட்டவரே வந்து "பழைய வீட்டுக்கு இது செட் ஆகாதுங்க" என்று பைபாஸ் பண்ணிவிட்டுப் போய்விட்டார். (வாசகர், திருப்பூர்)

பதில்: செட் ஆகாதது அவருடைய பொறுமைதான். ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்று: ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தால் கட் செய்துவிடும். அது விழுகிறது என்றால் கசிவு இருக்கிறது, அல்லது நியூட்ரல் கலந்திருக்கிறது.

பழைய வீட்டில் நியூட்ரல் கலப்பதற்குத்தான் அதிக வாய்ப்பு. மாடிப்படி லைட்டுக்குக் கீழ் ரூமிலிருந்து ஃபேஸும் மேல் ரூமிலிருந்து நியூட்ரலும் எடுத்திருப்பார்கள், ஃபியூஸ் காலத்தில் அதனால் ஒன்றும் தெரியாது. இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு கண்ட இடத்தில் சேர்த்திருந்தால் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது.

மழைக்கு விழுவது வேறு. அது வெளிச்சுவர் லைட், கேட் லைட், மொட்டை மாடி பிளக் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனைப் பிடித்துக்கொண்டு போகலாம். நியூட்ரல் கசிந்தால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது, ஏனென்றால் சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி) வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டு 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனாகப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைன் சரியில்லாத லைன். அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுங்கள், பைபாஸுக்குக் கொடுக்காதீர்கள்.

எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். ஆள் உயிருக்கு ஆபத்து 30 மில்லி ஆம்பியர் தாண்டியதுமே தொடங்குகிறது. வீட்டில் இருக்கிற சின்ன எம்.சி.பி. 6 ஆம்பியர், அதாவது 6000 மில்லி. பதில் அவ்வளவுதான். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்குங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேள்வி: பள்ளிபாளையத்தில் வீடும் தறிப்பட்டறையும் ஒட்டி இருக்கின்றன, ஆனால் சர்வீஸ் தனித்தனி. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ். போன மாதம் ஒரு ராத்திரி திடீரென்று ஹாலில் லைட் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது, சமையலறையில் மங்கியது. டிவி, வைஃபை, இரண்டு எல்.இ.டி. போய்விட்டன. எம்.சி.பி. ஒன்றுகூட விழவில்லை. பெட்டி டூப்ளிகேட்டா?

பதில்: பெட்டி மேல் தப்பில்லை. நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. த்ரீ ஃபேஸில் நியூட்ரல் அறுந்தால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 என்ற கணக்கே போய்விடும், இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கிற 400 வோல்ட்டை அந்தந்தப் பக்கத்து லோடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த ஃபேஸில் லோடு குறைவோ அங்கே வோல்டேஜ் ஏறும். சமையலறை ஃபேஸில் ஃபிரிட்ஜ் மாதிரிக் கனமாக ஏதாவது ஓடியிருக்கும், ஹாலில் டிவியும் சின்ன லைட்டும்தான், அதனால் ஹால் எரிந்துபோயிற்று. எம்.சி.பி. பார்ப்பது கரண்ட் அளவை, வோல்டேஜை இல்லை. அது சும்மா இருந்தது நியாயம்தான்.

ஒரு அறை பளிச், இன்னொரு அறை மங்கல் என்று பார்த்த நிமிடமே ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கூத்து என்றால் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ விட்டிருக்கிறது, இ.பி.க்குச் சொல்லுங்கள். இ.பி. புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 ராத்திரியும் எடுப்பார்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மெயின் சுவிட்சில் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ லூஸாகியிருக்கும், அல்லது யாரோ நியூட்ரலுக்குத் தனியாக ஒரு ஃபியூஸ் போட்டுவைத்திருப்பார்கள். த்ரீ ஃபேஸ் நியூட்ரலில் ஃபியூஸோ தனி சுவிட்சோ எக்காரணத்துக்கும் கூடாது. டிபியில் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று சேர்த்துவிடுங்கள், வோல்டேஜ் எகிறினால் அது கட் செய்யும்.

அப்புறம் அந்த ஃபேஸ் மாற்றுகிற சுவிட்ச். நம் ஊரில் அது இல்லாத த்ரீ ஃபேஸ் வீடே இல்லை. ஒரு ஃபேஸ் போனால் வீட்டு லோடு மொத்தத்தையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பி, ஏசியையும் ஓட்டுவது எல்லாரும் செய்வதுதான். லைட், ஃபேன், ஃபிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த சுவிட்ச் கருகிப்போவது பாதி இதனால்தான்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. அங்கே உள்ள சாளையைச் சரிபண்ணிக் குடிபோகிறோம். கிணத்து மோட்டார் ரூமில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது, அதிலிருந்தே ஒரு டிபி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாதுங்க. அது விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த சர்வீஸ். அதில் வீட்டுக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் வருகிறது, இரண்டு மடங்குக் கட்டணம் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள், மோட்டார் சர்வீஸுக்கே வில்லங்கம் வரும். சாளைக்கு வீட்டு சர்வீஸ் தனியாக எழுதிக்கொடுங்கள். கம்பம் தூரம் என்றால் செலவாகும்தான், வேறு வழி இல்லை.

கேள்வி: கோவையில் 1970-களில் கட்டிய வீடு. பைப்புக்குள் அலுமினிய ஒயர். எல்லாவற்றையும் உருவிப் போட வேண்டும் என்கிறார் ஒருவர், தொடவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர்.

பதில்: நாட்டில் தாமிரம் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் அலுமினியம்தான் போட்டார்கள், உங்கள் வீடு மட்டும் இல்லை, அந்த வட்டாரமே அப்படித்தான் இருக்கும். அலுமினியம் கெட்டுப்போவது நடுவில் இல்லை, முனையில். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி ஸ்க்ரூ தளரும், மேலே ஒரு ஆக்ஸைடு படலம் பிடிக்கும், அந்த இடம் சூடாகும். பிளக்கைச் சுற்றிப் பழுப்பு வளையம், மீன் கருகின மாதிரி ஒரு வாடை வந்தால் அங்கே திறந்து பாருங்கள்.

பணம் இருந்தால் முழுவதும் மாற்றுங்கள். இல்லை என்றால் கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, சமையலறை பிளக் இவற்றுக்கு மட்டும் டிபியிலிருந்து புதுத் தாமிர ஒயர் தனியாக இழுத்து, லைட்டையும் ஃபேனையும் பழைய ஒயரில் விட்டுவைக்கலாம், மெக்கர் டெஸ்டில் தேறினால் மட்டும். அலுமினியம் ஒரு சைஸ் குறைவாகத்தான் தாங்கும். 2.5 அலுமினியத்தை 1.5 தாமிரம் என்று நினைத்து 10 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். தாமிரத்தையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கி டேப் சுற்றுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள், இரண்டுக்கும் பொதுவான பை-மெட்டல் கனெக்டர் கடையில் கிடைக்கிறது.

கேள்வி: டிபி பெட்டி அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமா? (வாசகர், கரூர்)

பதில்: உங்கள் விருப்பம். அந்த மூலை காய்ந்த சுவராக, சிங்க்குக்கு மேலே இல்லாமல், வீட்டில் குள்ளமானவருக்கும் கை எட்டுகிற உயரத்தில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. காலண்டர் மாட்டி மறைக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: பெட்டி மாற்ற இ.பி. ஆபீஸுக்குப் போக வேண்டுமா? சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. (வாசகர், அவிநாசி)

பதில்: மீட்டர் வரைக்கும், அதன் கட்அவுட் ஃபியூஸும் சீலும் சேர்த்து, இ.பி.யுடையது. மீட்டருக்குப் பிறகு உங்களுடையது. பெட்டி மட்டும் மாற்றினால் அனுமதி தேவையில்லை, ஆனால் வேலைக்காக லைனைத் துண்டிக்க வேண்டும். அதை இ.பி. ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஒயர்மேன் சீலை உடைத்து ஃபியூஸைப் பிடுங்கினால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும், அதாவது தாத்தா பெயரில்.

ஏசி, கீசர் என்று லோடு கூடியிருந்தால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். சிங்கிள் ஃபேஸ் எல்லையைத் தாண்டினால் த்ரீ ஃபேஸுக்கு மாற்றச் சொல்வார்கள், அப்போது மீட்டரும் மாறும். ஆகையால் டிபி வாங்குகிறதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சிங்கிள் ஃபேஸ் பெட்டி வாங்கி மாட்டிவிட்டு ஆறு மாதத்தில் கழற்றுகிற வேலை வேண்டாம். வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் லோடு கூட்டியதால் போய்விடாது, அந்தப் பயத்தில் பலர் விண்ணப்பிக்காமலே ஓட்டுகிறார்கள். பெயர் மாற்றத்தையும் இந்தச் சாக்கில் முடித்துவிடுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்துப் பத்திரம் கையில் இருந்தால் பெரிய வேலை இல்லை, பங்காளிகள் கையெழுத்துத்தான் தாமதமாகும்.

வேலைக்குப் பிடிக்கிற ஆள் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்டதற்கே முகம் மாறினால் வேறு ஆளைப் பாருங்கள். முடித்துவிட்டுக் கிளம்பும் முன்னால் டிபி கதவின் உள்பக்கத்தில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மீதிக் கூலியை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.